வாளையின் காற்றுப்பையும் அஞ்சலை அக்காவின் டிபன் பாக்ஸும்

எல்லாரும் நல்ல மீனாகத் தேடி மார்க்கெட்டுக்குப் போவார்கள். நோஞ்சான் மீனாகத் தேடிப் போவது எங்கள் தொழில். சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில், ஏரி மீனையும் ஆற்று மீனையும் கிழித்து உள்ளே என்ன புழு இருக்கிறது என்று எண்ணி எழுதுகிறேன். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டவுடன் பேச்சை மாற்றுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்மவர்தான்.

யாருக்கு இந்த மீன்?

அஞ்சலை அக்கா குமராட்சிப் பக்கத்து ஏரி மீன்களைக் கூடையில் கொண்டுவந்து மார்க்கெட் வாசலில் விற்பவர். அந்த ஒரு கூடையை நம்பி அவர் வீட்டில் நாலு பேர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் முன்னால் போய் நின்றேன். "அக்கா, மெலிஞ்ச மீனா, செவுள் வெளுத்த மீனா பாத்துக் குடுங்க. குடலை எடுக்க வேணாம், அப்படியே வேணும்" என்றேன்.

அக்கா கையிலிருந்த விராலைக் கூடையில் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, மாமியாருக்கா?"

மினி பஸ்ஸில்

மீன் பிடிக்கிற இடத்திலேயே வாங்கவும் சில நாள் போக வேண்டும். ஒருமுறை குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் திரும்பும்போது, மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்து சீட்டுப் பெரியவர் விடவில்லை. பெட்டியில் என்ன, மீன் எதற்கு, புழு எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இதற்காக ஐந்து வருஷம் படித்ததையும் சொல்லித் தொலைத்தேன்.

இறங்கும்போது அவர் சொன்னது: "புழு பாக்க அஞ்சு வருஷமா? எங்க வூட்டுக் கருவாட்டுப் பானைய தொறந்தா அஞ்சு நிமிஷம்மா!"

சாப்பாட்டுத் தட்டில்

நன்றாகக் கொதித்த குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது. இது எனக்கு மனப்பாடம். ஆனாலும் சேர்ந்த ஒரே மாதத்தில் மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். பகலெல்லாம் புழுவைப் பார்த்துவிட்டு வந்தால், ராத்திரி சோற்றில் சீரகம்கூட நெளிகிறது.

நான் விட்டதோடு நின்றிருக்கலாம். கடலூரில் வீட்டில் என் கணவர் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தட்டில் இருந்த துண்டை ஸ்பூனால் பிளந்து, இந்த இடத்தில்தான் சுருண்டு படுத்திருக்கும் என்று விளக்கினேன். அவருக்கு ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அமைதியாகச் சொன்னார்: "கம்பெனில நான் எதெதைத் தொட்டுட்டு வரேன்னு சொல்லி, உன் சோத்த என்னிக்காவது கெடுத்திருக்கனா?"

நான் போட்ட கூச்சல்

இனி வருவது நான் செய்த தப்பு. வாளை மீனின் காற்றுப்பைக்குள் ஒருவகைத் தட்டைப்புழு இருக்கும். பார்க்க அட்டை மாதிரி, அரை விரல் நீளம் இருக்கும். மாதக்கணக்கில் தேடியும் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. அன்று அஞ்சலை அக்காவிடம் பெரிய ஏரி வாளை இருந்தது. என்னிடம் ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. கொண்டுபோவதற்குள் வெயிலில் கெட்டுவிடுமே என்று அக்காவின் அரிவாள்மனையை வாங்கி அங்கேயே கிழித்தேன்.

இருந்தது! உயிரோடு! "அக்கா, கெடைச்சிடுச்சு!" என்று கத்தி, இடுக்கியில் அதைத் தூக்கிப் பிடித்தேன். சுற்றி மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு புழுவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாங்கிய மீனைப் பையோடு நீட்டினார் கண்ணாடி போட்ட ஓர் அம்மா: "என்னுதையும் அவுங்களுக்கே குடுத்துடுங்க, இன்னும் சந்தோஷப்படுவாங்க."

விளக்கம் சொன்னேன்

மறுநாளிலிருந்து அக்காவின் கூடை நிரம்பி வந்தது, நிரம்பியே திரும்பியது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். சரி, படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று கூடைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் பேசினேன். குடலையும் காற்றுப்பையையும் எடுத்துவிட்டுக் கொதிக்கவைத்தால் பயமில்லை என்றேன். நம்பிக்கை வரட்டும் என்று அந்தப் புழுவின் முழுப் பெயரையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டே சொன்னார்: "பேரு வெக்கிற அளவுக்கு ஜாஸ்தியா இருக்குதா!"

டிபன் பாக்ஸ்

ஒரு வாரம் கழித்து, மார்க்கெட் நெரிசலாக இருக்கும் நேரத்தில் அக்கா என்னைக் கூடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார். சோறு, மேலே வாளைக் குழம்பு.

"சாப்புடு. எல்லாரும் பாக்கட்டும்."

"அக்கா, நான் மீன் தின்னு ரெண்டு வருஷம் ஆச்சு."

"எனக்கு யாவாரம் ஆயி ஒரு வாரம் ஆச்சு."

டிபன் பாக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவதில் புளியும் மாங்காயும் நாக்கில் பட்டன. மூன்றாவதற்குக் குழம்பு போதவில்லை என்றேன். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. அந்தக் கண்ணாடி அம்மாவும் பையோடு நின்றிருந்தார். என் கையையே பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், கடைசியில் நான் விரலை நக்குவதையும் பார்த்தார். அப்புறம்தான் அக்கா பக்கம் திரும்பினார்: "புழுக்காரம்மாவே வழிச்சி நக்குறாங்க, அந்த வாளையில ஒண்ண வெட்டிக் குடுக்கா."

புழுவைக் கண்டுபிடிக்க ஐந்து வருஷம் படித்தேன், அதைக் கண்டு போட்ட கூச்சலைச் சரிக்கட்ட ஒரு டிபன் பாக்ஸ் சோறு தின்றேன். இரண்டில் எது கஷ்டம் என்று நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் சொல்லுங்கள்.