கிஸ்லான் பிறை பார்க்காமல் வைத்த கூட்டம்

தெத்துவான் நகரப் பல்கலைக்கழகத்தில் எங்கள் கலைப்புலத்தின் இரண்டாம் மாடியில் கிஸ்லானும் நானும் பத்தாண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். சன்னல் அவள் பக்கம், கணப்பு என் பக்கம். போன குளிர்காலத்தில் அவள் இறந்த பிறகு இரண்டும் எனக்கே என்று ஆகிவிட்டது. சன்னல் பக்கம் நான் இன்னும் உட்காரவில்லை.

அவளுக்கு ஆசை ஒன்றுதான்: பண்பாட்டுக் கொள்கையை ஒரு பாடமாக நடத்த வேண்டும். பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், சன்னல் வழியே எதிர்ச்சாரியில் இருந்த பழைய திரையரங்கைக் காட்டுவாள். அது இப்போது சோபாக் கடை.

"இதைக் கடையாக்கலாம்னு யாரு முடிவு பண்ணினா? உன்னைக் கேட்டாங்களா, என்னைக் கேட்டாங்களா? அதைத்தான் சொல்லிக்கொடுக்கணும்கிறேன்."

கல்விக்குழு இரண்டு முறை மறுத்தது. மூன்றாம் முறை போனபோது புலத்தலைவர், "மூணு நாட்டுப் பல்கலைக்கழகம் சேர்ந்து ஒரு வலையமைப்பு வச்சிருந்தா பார்க்கலாம்மா" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். அவளோ அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

அலெக்சாந்திரியாவில் டாக்டர் ஷவ்கியைப் பிடித்தாள். ஸ்ஃபாக்ஸில் டாக்டர் நெய்லாவைப் பிடித்தாள். பாடத்திட்டம், ஆய்வு மாணவர்களைச் சேர்ந்து வழிநடத்துவது எல்லாம் பேசியாயிற்று. தலைமையகம் எங்கே என்பதில்தான் இடித்தது. இருவருமே தங்கள் ஊரில்தான் என்றார்கள். போதாததற்கு இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை. ஏதோ ஒரு கருத்தரங்கில் ஷவ்கி தலைமை வகித்து, நெய்லா அம்மாவின் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். அதிலிருந்து கிஸ்லான் வழியாகத்தான் சண்டையே போட்டார்கள்.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் கல்விக்குழு கூடுகிறது. அதற்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் பாடம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். அதற்கப்புறம் கேட்கிற தெம்பு தனக்கு இருக்காது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். ஆகவே எங்கள் இருபத்தொன்பதாம் நோன்பு நாளில், காலையில், இணையவழியில் கடைசிக் கூட்டம் என்று தேதி போட்டாள்.

திரை திறந்தது. ஷவ்கி புதுச் சட்டையில் இருந்தார். மீசையில் மாவுச்சர்க்கரை. கையில் பெருநாள் பிஸ்கட்.

நான் கிஸ்லானின் தோளைத் தட்டினேன். "அடியே, அவங்க நமக்கு ஒரு நாள் முந்தியே நோன்பு பிடிச்சாங்கடி. பிறையும் நேத்தே பார்த்துட்டாங்க!"

கிஸ்லான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எங்கள் நோன்புக் கணக்கிலேயே தேதி போட்டுவிட்டாள். நெய்லா வீட்டிலும் பெருநாள்தான். பின்னால் பிள்ளைகள் பலூன் உடைத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் இருவரும் வந்திருந்தார்கள். தான் வராவிட்டால் மற்றவர் தலைமையகத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம்.

"டாக்டர், காமெராவைக் கொஞ்சம் மேல தூக்குங்க. நாங்க இன்னும் நோன்பு" என்றாள் கிஸ்லான்.

அவர் தூக்கியதும் தேநீரோடு வந்த அவர் மனைவி சுஹைரின் முகம் திரையில் தெரிந்தது.

"யாரு, ஸ்ஃபாக்ஸ் டாக்டரம்மாவா? ஏங்க, வாழ்த்து சொன்னீங்களா?"

"கூட்டம் நடக்குது சுஹைர்."

"கூட்டம் கிடக்கட்டும். பெருநாளன்னிக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, ஒரு மாசம் பட்டினி கிடந்தது எதுக்காம்?"

ஷவ்கி தொண்டையைச் செருமினார். "பெருநாள் வாழ்த்துகள், டாக்டர் நெய்லா."

"உங்களுக்கும் டாக்டர். ஆனா அன்னிக்கு என் பேச்சை நிறுத்தினது தப்புதான்."

"இருபது நிமிஷம் தாண்டிட்டீங்கம்மா."

"பதினெட்டு."

"என்னங்க!" என்றார் சுஹைர்.

"சரி, பதினெட்டு."

நெய்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கிஸ்லான், நோன்பில் கம்மிய குரலில், புகுந்துவிட்டாள்.

"பெருநாளே நம்ம மூணு ஊருக்கும் ஒண்ணா வரலை. தலைமையகம் மட்டும் ஏன் ஒரே இடத்துல இருக்கணும்? வருஷத்துக்கு ஒரு ஊரா சுத்தி வரட்டும். எங்க ஊருக்குக் கடைசியா வந்தாப் போதும். எங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

யாரும் மறுக்கவில்லை. சுஹைர்தான் முதலில் கைதட்டினார்.

பாடம் தொடங்கியது. முதல் வகுப்பே சோபாக் கடைக்குள். கடைக்காரர் அத்தனை பேரையும் வாடிக்கையாளர்கள் என்று நினைத்துப் புதினாத் தேநீர் கொடுத்தார். பாடம் முடியும்வரை கிஸ்லான் அவரிடம் உண்மையைச் சொல்லவே இல்லை.

இந்த வருடம் தலைமையகம் எங்கள் முறை. வலையமைப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தேதி போடும் வேலை என்னிடம் வந்தது. அவர்கள் ஊரில் பிறை எப்போது பார்ப்பார்கள் என்று ஷவ்கியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா கேக்குறே? கிஸ்லான் போட்ட மாதிரியே போடு" என்றார். பிறகு, "சுஹைர் பிஸ்கட் சுட ஆரம்பிச்சாச்சு" என்றார்.

எங்கள் இருபத்தொன்பதாம் நோன்பு நாளுக்கே தேதி போட்டு அனுப்பிவிட்டேன். எங்கள் அறையில் இணையம் சன்னல் பக்கம்தான் சரியாக வரும். அன்றைக்கு நான் அங்கேதான் உட்கார வேண்டும்.