இருபத்து மூன்று ஒட்டகங்கள்

“பிறந்ததிலேர்ந்து ஒரு நிமிஷம்கூட நான் சும்மா உட்கார்ந்ததில்ல.”

பல் துலக்கிக்கொண்டே, காலால் தரைத்துணியைத் தள்ளிக்கொண்டே இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவருக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். வைத்தவர் கணவர். சும்மா உட்காருவதில் கரைகண்டவர் என்பதால் பெயர் வைக்க அவருக்கு நேரம் இருந்தது.

நாற்பத்தோரு வயதில் பம்பரம் அம்மையார் உளவியல் முதுகலையில் சேர்ந்தார். சும்மா இருக்கும் மனம் என்ன செய்கிறது என்பதை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். போகாத ஊருக்கு வரைபடம் போடும் இந்தத் துணிச்சலை அன்று யாரும் கவனிக்கவில்லை.

துறையில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையைக் காலி செய்து வாங்கினார். சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கினார். ஜன்னலுக்குப் பழுப்புத்தாள் ஒட்டினார். மனதைக் கலைக்க அங்கே ஒரு ஈகூட இருக்கக் கூடாது. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி மட்டும். வருகிறவர் அதில் பதினைந்து நிமிடம் தனியாகச் சாய்ந்திருக்க வேண்டும். மணி அடித்ததும் மனதில் ஓடியதைப் படிவத்தில் எழுத வேண்டும். படிவத்தின் கடைசியில் ‘இந்த நேரத்தில் செய்த வேலை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் சேர்த்தது பம்பரமே. காலியாக ஒரு மனிதர் கால் மணி நேரம் இருப்பார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உள்ளே ஒருவர் சாய்ந்திருக்கையில் இவர் வெளியே நின்றபடி பழைய படிவங்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருப்பார்.

முப்பத்தோரு பேர் வந்தார்கள். இருபத்து மூன்று பேர் ஒட்டகத்தைப் பற்றி எழுதினார்கள்.

‘ஒட்டகம் ஒண்ணு மெதுவா நடந்துச்சு, நானும் பின்னாலேயே போனேன், செத்துப்போன என் அண்ணன் அங்க கடை வெச்சிருந்தான்’ என்றார் தையல்காரர். ‘ஒட்டகத்தின் முதுகில் எங்கள் பழைய வீடு மிதந்தது’ என்றார் பல் மருத்துவர். பம்பரத்தின் சொந்தத் தங்கையைப் பார்த்து அது சிரித்தேவிட்டதாம்.

பம்பரம் படிவங்களை மறுபடி ஒருமுறை எண்ணினார். தனிமையில் மனிதகுலம் ஒட்டகத்தைக் காண்கிறது! இத்தனை அறிஞர்கள் எப்படிக் கோட்டை விட்டார்கள்? ‘பாலைக்கு ஏங்கும் ஆதிமனம்’ என்று நாற்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதினார்.

“உங்களுக்கும் ஒட்டகம் தெரியுதா?” என்று கணவரைக் கேட்டார்.

“நீ பேசுற பேச்சுல, கண்ணாடி பார்த்தாக்கூட அதுதான் தெரியுது.”

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தது. அத்தியாயத்தை நகலெடுத்துக்கொண்டிருந்த துறை உதவியாளர் நாலு பக்கம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அம்மா, இந்த ஒட்டகம்… மேல நிக்குதே, அதுவா?”

“எங்க மேல?”

“கூரையிலம்மா. மழை ஒழுகின கறை. ரெண்டு திமிலோட அம்சமா இருக்கும். நாற்காலியில சாஞ்சா நேரா மூஞ்சிக்கு மேல. நீங்க சாஞ்சு பார்த்ததே இல்லையா?”

“எனக்கு ஏதுப்பா நேரம்?”

சேதி கேட்ட நெறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “வெள்ளையடிச்சிட்டு மறுபடி ஆரம்பிச்சீங்கன்னா இந்த வருஷம் பட்டம் இல்ல. இல்லேன்னா கறையை ஒத்துக்கிட்டு, அதைப் பார்த்த மனசு அப்புறம் எங்கெங்க போச்சுன்னு திருத்தி எழுதுங்க. எங்க போச்சு?”

“ஒட்டகம் வரைக்கும்தான் மேடம் எண்ணினேன்.”

“நல்லா எண்ணினீங்க. முதல்ல போய் அந்த நாற்காலியில நீங்க சாயுங்க. கையில ஒண்ணும் இருக்கக் கூடாது.”

பம்பரம் போய்ச் சாய்ந்தார். முதல் இரண்டு நிமிடம் எதிர்ச்சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளை எண்ணினார். பிறகு புடவை மடிப்பைச் சரிசெய்தார். சரிசெய்ய வேறொன்றும் மிஞ்சாமல் போகவே, மேலே பார்த்தார். பழுப்பு வெளிச்சத்தில் அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை எடுத்து வைத்தது. அதன் பின்னால் நனைந்த தெரு ஒன்று நீண்டது. தெருவில் அப்பாவின் சைக்கிள். முன்கம்பியில் எட்டு வயதுச் சிறுமி, மிதிக்கத் தேவையில்லாமல், பிரேக் பிடிக்கத் தேவையில்லாமல், கைகளை மடியில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தாள். எங்கோ மணி அடித்தது. சைக்கிள் மணியாக இருக்கும்.

உதவியாளர் கதவைத் தட்டினார். “அம்மா, மணி அடிச்சு முக்கால் மணி நேரமாச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு நான் வரச் சொன்ன வெள்ளையடிக்கிற ஆள் வந்து நிக்கிறாரு.”

“அவரைப் போகச் சொல்லுப்பா,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். அவசரமே இல்லாத குரல். “அந்த முப்பத்தொரு தாளையும் எடுத்து வை. முழுசாப் படிக்கணும்.”

பிறகு முப்பத்திரண்டாவது படிவம் எழுதப்பட்டது. ஒட்டகத்துக்கு ஒரு வரி, சைக்கிளுக்கு மூன்று பக்கம். கடைசிக் கட்டத்தில், இந்த நேரத்தில் செய்த வேலை என்பதற்கு எதிரே, நிதானமான கையெழுத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று இருந்தது.