ஓடுதளத்தில் ஒரு ‘சரிங்க’

எங்கெங்கோ ஓடுதளத்தில் மோதிக்கொண்ட விமானங்களின் விசாரணை அறிக்கைகளைப் படித்து, இங்கே இருப்பவர்கள் சாகாமலிருக்கப் பாடம் எடுப்பதுதான் என் பிழைப்பு. மில்லிலோ பட்டறையிலோ பாதுகாப்பு வகுப்பு எடுத்து, எதிரே வரிசையாகக் கொட்டாவியைப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். கொங்குப் பக்கம் ஒரு சின்ன விமான நிலையம், பெயர் வேண்டாம்.

முதல் வகுப்பு

ஓடுதளத்தில் விமானம் மட்டும் போவதில்லை. புல் வெட்டும் டிராக்டர், பறவை விரட்டும் ஜீப் எல்லாம் குறுக்கே போகும். அந்த டிரைவர்கள்தான் என் மாணவர்கள். ஓர் அறிக்கையைத் தமிழில் சொன்னேன்: பனிமூட்டம், காதில் சரியாக விழாத ஓர் உத்தரவு, திரும்பக் கேட்கத் தயங்கிய ஒருவர், அப்புறம் தீ. “சந்தேகம் இருந்தால் கேளுங்க” என்றேன். டிராக்டர் ஓட்டும் வேலுச்சாமி எழுந்தார். சோமனூரில் தறி ஓட்டிவிட்டு இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தவர்.

“செத்தவங்களுக்குப் புள்ளைகுட்டி இருந்துச்சுங்களா?”

மரியாதை

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வாக்கிடாக்கியில் எது சொன்னாலும், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகக் கேட்டிருந்தால் அப்போதே திருத்திவிடலாம். எத்தனையோ பேர் செத்த பிறகு வந்த விதி இது. எங்கள் ஆட்களோ எதற்கும் “சரிங்க” என்பதோடு சரி. கோபுரத்தில் உத்தரவு சொல்லும் அம்மாவும் இந்த ஊர்க்காரர்தான், அதற்கு மேல் கேட்கமாட்டார். தலையில் அடித்துக்கொண்டு வேலுச்சாமியிடம் காரணம் கேட்டேன்.

“பெரியவங்க சொன்னதையே அவங்களுக்குத் திருப்பிச் சொன்னா, நக்கல் பண்றாப்பல இருக்குமுங்க சார்.”

மழை விட்ட காலை

புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. குறுக்கே போகலாமா என்று வேலுச்சாமி கேட்டார். விமானம் இறங்குகிறது, நில்லுங்கள் என்று கோபுரம் சொன்னது. டிராக்டர் இரைச்சலில் அவருக்குக் கரகரப்புதான் கேட்டது. போகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, “சரிங்க” என்று சொல்லிவிட்டு ஓடுதளத்தில் ஏறிவிட்டார். விமானி பார்த்துவிட்டு, தரையைத் தொடுவதற்குள் விமானத்தை மேலே தூக்கிவிட்டார். டிராக்டருக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு தென்னை நிற்க இடமில்லை. நான் ஓடிப்போனபோதும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கேக்கலீங்க சார். மறுக்காக் கேட்டா அந்தம்மா சங்கடப்படுமேன்னு, சரின்னு சொல்லிப்போட்டேனுங்க.”

விசாரணை

விசாரணை யாரையும் தண்டிக்க அல்ல, அடுத்தவர் பிழைக்க. நான் படித்த அறிக்கைகள் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதையே வேலுச்சாமியிடம் சொன்னேன். அவரும் நம்பி, விசாரணையில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நிலையத்துக்குப் புது வாக்கிடாக்கிகள் வந்தன. ஒப்பந்தக்காரர் வேலுச்சாமியை வேலையை விட்டு நிறுத்தினார். மன்றாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆத்திரமும் அவமானமுமாக கேட் வரைக்கும் கூடப் போனேன்.

“உடுங்க சார். நீங்க சொன்னீங்கன்னுதானுங்க உண்மையச் சொன்னேன்.”

அடுத்த வகுப்பு

மயிரிழையில் தப்பிய அனுபவம் யாருக்காவது உண்டா, சொன்னால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்றேன். ஜீப் ஓட்டும் ரங்கராஜைப் பார்த்தேன். முந்தின நாள் அவர் அனுமதி கேட்காமல் ஓடுதளத்தில் ஏறி இறங்கியதை நானே கண்ணால் பார்த்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நமக்கெல்லாம் அப்படி ஒன்னும் நடந்ததே இல்லீங்க சார்.”

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் ஒரு தவறுகூட நடக்கவில்லை என்று மேலிடத்தில் பெருமைப்படுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ரங்கராஜின் ஜீப் எங்கே நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன்.