இறங்க மறுத்த விமானம்

அப்பாவின் செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணா, மூன்றாம் நாள் சொந்தக்காரர் ஒருவரிடம் சொன்னார்: "என்னை ஏத்திவிட எயார்போட்டுக்குக்கூட வராத மனுசன். அவருக்கு நான் வந்து கொள்ளி வைச்சிருக்கிறன்." நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றேன். அண்ணா வெள்ளவத்தையை விட்டுப் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். அந்தக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று அப்பா ஏன் போகவில்லை என்று எனக்கும் தெரியாது. கால் வலி என்றார். அம்மாவும் மாமாவும்தான் அண்ணாவோடு போனார்கள். ஆனால் அப்பா வீட்டில் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். அவரோடு நின்றவள் பன்னிரண்டு வயது நான் மட்டும்தான். எங்களிடம் விமானம் ஓட்டும் வீடியோ கேம் ஒன்று இருந்தது. எந்தப் பொத்தானையும் அமத்தாமல் விட்டால் அது தானாகவே ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டு, ஓடுபாதையில் இறக்கிக் காட்டும். அதைப் போடச் சொல்லிவிட்டு அப்பா முன்னால் உட்கார்ந்தார். அது இறங்கும், பிறகு மறுபடி பறந்து வந்து இறங்கும். அண்ணா போய்ச் சேர்ந்துவிட்டதாக மறுநாள் கோல் வரும்வரை அவர் அதை நிறுத்த விடவில்லை.

இதை அண்ணாவுக்கு வாயால் சொன்னால் எடுபடாது, காட்டித்தான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அவருக்கு பிளைட். அதற்குள் விமானம் இறங்க வேண்டும்.

கேம் விளையாடும் பழைய பெட்டி எப்போதோ போய்விட்டது. லாப்டொப்பில் பழைய கேம்களை ஓட்டும் எமுலேற்றர் ஏற்றிக் கேமைப் போட்டால், இன்னொரு கோப்பு இல்லை என்று முரண்டு பிடித்தது. அந்தக் கேமின் கசெற்றுக்குள்ளேயே கணக்குப் போட ஒரு தனிச் சிப் இருந்ததாம். விமானம் எவ்வளவு சரிகிறது, எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதையெல்லாம் அதுதான் கணக்கிடும். அந்தச் சிப்பின் கோப்பையும் கொடுத்தால்தான் கேம் ஓடும். அலைந்து தேடியதில் இரண்டு பதிப்புகள் அகப்பட்டன. ஒன்று முதலில் வந்தது, மற்றது பிறகு திருத்தி வந்தது. நான் புறக்கோட்டையில் கப்பல் சரக்குப் பத்திரம் தயாரிக்கும் கந்தோரில் இருபது வருடமாக வேலை செய்பவள். திருத்திய பிரதி கைக்கு வந்தால் பழையதை அந்த இடத்திலேயே கிழித்துவிடுவோம். இரண்டும் மேசையில் கிடந்தால் ஆபத்து. கை பழகிவிட்டது. பழைய கோப்பை அழித்தேன், குப்பைக் கூடையையும் காலி செய்தேன்.

கேம் ஓடியது. விமானம் அழகாக வந்தது, ஓடுபாதைக்குக் கிட்ட வந்து தரையில் மோதிச் சிதறியது.

மறுபடி விட்டேன். மறுபடியும் மோதியது. இதைக் கொண்டுபோய் அண்ணாவிடம் எப்படிக் காட்டுவது? வேகத்தை மாற்றினேன், எமுலேற்றரை மாற்றினேன், கடைசியில் லாப்டொப்பைத் திட்டினேன். செத்தவீடு என்பதால் முப்பத்தொரு நாளும் தொலைக்காட்சி போடுவதில்லை. நான் பின்னறையில் சத்தத்தை அடக்கி, திருடி மாதிரி இருந்து இதைச் செய்துகொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த மாமி எட்டிப் பார்த்து, "பாவம் பிள்ளை, தகப்பன்ட கடுதாசி அலுவலெல்லாம் தனியப் பாக்குது" என்று கூடத்தில் போய்ச் சொன்னா. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழும்பவில்லை. இதே காட்சி இணையத்தில் வீடியோவாகவும் கிடைத்தது. அதில் யாரோ ஒருவன் இடைவிடாமல் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மூடிவிட்டேன்.

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் ஒரு பழைய கலந்துரையாடல் பக்கத்தில் விடை கிடைத்தது. முதல் சிப்பின் கணக்கில் ஒரு சிறு பிழை இருந்ததாம். தானாகப் பறக்கும் அந்த விமானத்துக்கான பொத்தான் அசைவுகளைப் பிழையான சிப்பை வைத்தே பதிவுசெய்திருக்கிறார்கள். கணக்கைத் திருத்தியதும் அதே பொத்தான் அசைவுகளுக்கு விமானம் விழுகிறது. நான் அழித்த கோப்புத்தான் அதை இறக்கும் கோப்பு. தலையில் அடித்துக்கொண்டேன். முன்பு எடுத்த இணைப்பும் வேலை செய்யவில்லை. அந்தியேட்டியன்று ஐயர் மந்திரம் சொல்லும்போதும் என் கை போனில்தான் இருந்தது. கடைசியில் அண்ணா பெட்டி பூட்டும் காலையில் அந்தக் கோப்பு கிடைத்தது.

லாப்டொப்பைத் தொலைக்காட்சியில் கொழுவினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அதில் கேட்ட முதல் சத்தம் அந்த இயந்திர இரைச்சல்.

"அண்ணா, ரெண்டு நிமிசம் இஞ்ச வாங்கோ."

"எயார்போட்டுக்குப் போற வான் வரப்போகுது."

"வரட்டும்."

விமானம் சரிந்து வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஓடுபாதையில் தொட்டு, உருண்டு, நின்றது.

"எங்கட பிளேன் கேமெல்லே!" என்றார் அண்ணா. வந்த நாளிலிருந்து அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கோல் வருமட்டும் பாத்தவரோ?"

"ஓம். சோத்துக் கோப்பையோட இதுக்கு முன்னாலதான் இருந்தவர்."

அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். விமானம் இன்னொரு முறை வந்து இறங்கியது. அண்ணாவின் தோள் குலுங்கியது. கொள்ளி வைத்த அன்றுகூட அழாதவர். நான் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டேன் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்பா இருக்கேக்க இதை ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

கீழே வான் ஹோர்ன் அடித்தது. இத்தனை வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணா எனக்குக் கோல் எடுப்பார். அப்பாவோடு கதைக்கிறீர்களா என்று நான் கேட்டால், பிறகு என்பார். சரியென்று நானும் பனியைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். அப்போதெல்லாம் அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார்.