கேட்காமல் வந்த மங்களம்

போன வாரம் ஓர் ஆராய்ச்சி மாணவர் என் பழைய நோட்டைக் கேட்டு வந்தார். பெட்டியைத் திறந்தால், பாச்சை உருண்டையையும் மீறிக் கருவாட்டு வாடை. நாற்பது வருஷமாகியும் போகவில்லை பாருங்கள்.

மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடற்கரை. அப்போது நான் நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் புது வாத்தியார். நாடக ஆராய்ச்சி என்று ஊர் ஊராக அலைவேன். வேர்த்து வழிந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டேன். கழற்றினால் ஆராய்ச்சியும் போய்விடும் என்று நினைப்பு!

சூசை கட்டுமரக்காரர். கோயில் திருவிழா நாடகத்தில் தலை வெட்டுப்படும் புனிதர் வேஷம் அவருக்கு. ஞாயிறு மத்தியானம் கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாடுவார், நான் எழுதுவேன். அவரும் என்னை விடமாட்டார், குடைந்து குடைந்து கேட்பார்.

“ஒங்க பட்டணத்து நாடகத்துல செத்தவன் எப்பிடி எழும்புவான், சாரே?”

“திரை விழும். எந்திரிச்சுப் போயிருவாரு.”

“அவ்வளவுதானா?” அவர் முகம் மாறிவிட்டது. அவர்கள் வழக்கத்தில், நாடகத்தில் செத்தவரே எழுந்து மங்களம் பாட வேண்டும். யார் முன்னால் செத்தாரோ அவர்கள் முன்னால்தான் பாட வேண்டும். அதுவரை அவர் செத்தவர்தான்.

கடைசி ஞாயிறு கடல் அசையாமல் கிடந்தது. கருவாட்டைக் கொத்த ஒரு காக்கைகூட வரவில்லை. சாவுக் கட்டத்தைப் பாடி முடித்தார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. நோட்டை மூடினேன்.

“மங்களம் பாடாம எழும்பப்பிடாது, சாரே. கொஞ்சம் இரிங்க.”

“திரை விழுந்தாச்சுன்னு வச்சுக்குங்க!” என்று சிரித்துக்கொண்டே ஓடினேன். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் மற்ற கட்டுமரங்களெல்லாம் கரை சேர்ந்தன. சூசையின் மரம் வரவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி மரியம்மை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னைக்கு மங்களம் பாடுனாரா, சாரே?”

“பாடுனாரு. எழுதியும் வச்சிருக்கேன்.”

“அப்பம் எழும்பித்தான் போயிருக்காரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். “திங்கக்கெழம சூசை ரோட்டுல வந்து நின்னாரு. சார் வந்திருக்காரான்னு கேட்டாரு.” கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வகுப்பில் முழங்கியவன் நான்.

சூசைக்குப் பிறகு அந்த வேஷத்தை யாரும் கட்டவில்லை. நாடகமும் நின்றுபோயிற்று. நாங்கள் உட்கார்ந்த கரையைக் கடல் எடுத்துக்கொண்டது. மங்களம் தெரிந்த ஒருவராவது இருப்பாரா என்று தேடாத ஊரில்லை.

மாணவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இதுக்கு மேல கிழிஞ்சு போச்சா சார்?” என்றார்.

ஆமாம் என்றேன். சூசை அந்தப் பக்கத்தில் இன்னும் செத்துத்தான் கிடக்கிறார்.