ஆழத்தில் நின்றவர்

எங்கள் சபையின் வெள்ளிவிழாவுக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தபோது எனக்குப் பதினாறு வயது. பக்தியைப் பார்த்துக் கொடுத்த பெருமை அல்ல அது. சபையில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மீதிப் பேருக்குப் பேசவும் வராது, வீட்டிலும் ஹிந்திதான். தென்னிந்தியச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த புண்ணியத்தில் நான் ஒருத்திதான் பழைய தமிழ்க் கையெழுத்தைத் தடுக்காமல் படிப்பேன். ஒரே பக்கத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். முடித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் இடம் பெறாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபிஜியில் ரேவா ஆற்றங்கரையில், வுனிமோனோவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரே ஒரு கடைத்தெரு உள்ள ஊர் எங்களுடையது. மெதடிஸ்டுகளுக்குப் பெரிய கோயில் இருந்தது. கத்தோலிக்கர்களுக்கு மணி இருந்தது. எங்களுக்கு இருந்தது தகரக் கூரை போட்ட பலகைக் கட்டடமும், மணிக்குப் பதிலாகத் தட்டுவதற்குக் கரும்பு ரயில் தண்டவாளத்தில் ஒரு துண்டும்தான். ஊரார் எங்களை 'டுப்கி கிர்ஜா' என்றார்கள், அதாவது முங்குகிற கோயில். கேலிதான், ஆனால் பொய்யில்லை. குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் எங்களிடம் செல்லாது. விவரம் தெரிந்த வயதில், தானாகக் கேட்டு, ஆற்றில் இறங்கி, உச்சந்தலை வரை தண்ணீருக்குள் போய் எழுந்தால்தான் ஞானஸ்நானம்.

சொல்ல எளிது. ரேவா கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. ஏற்றமும் இல்லாமல் வற்றமும் இல்லாமல் தண்ணீர் அசையாது நிற்கிற நேரம் பார்த்து இறங்க வேண்டும். அப்படி இறங்கினாலும், பத்தடிக்கு மேல் போனால் தரை திடீரென்று காணாமல் போய்விடும். வாலிபத்தில் கரும்புத் தோணி தள்ளிய என் அப்பாவுக்கு அந்தத் துறையின் மேடு பள்ளம் எல்லாம் காலுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் அவர் கையில் மூங்கிலோடு பள்ளத்தின் விளிம்பில் கழுத்தளவுத் தண்ணீரில் போய் நிற்பார். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. பாஸ்டர் தலைநகர் சுவாவிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து முழுக்கிவிட்டுப் போவார். அப்பாவோ சபை தொடங்கிய முதல் நாளிலிருந்து நிற்கிறார். ஊரில் அவருக்கு 'ஆழக்காரர்' என்றே பெயர்.

எனக்குப் பதினாலு வயதில் ஞானஸ்நானம் ஆனது. பாட்டை நிறுத்தாமல் உள்ளே போனதால் அரைக் குடம் ஆற்றுத் தண்ணீர் குடித்தேன். பள்ளத்து விளிம்பிலிருந்து அப்பா, "வாயை மூடு கழுதே, பரலோகத்துல பாடிக்கலாம்!" என்று கத்தினார். கரையில் பாட்டைவிடச் சிரிப்புச் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

சிரிக்காத விஷயம் ஒன்றும் இருந்தது. முழுகாதவர்களுக்கு எங்கள் சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துப் பந்தி கிடையாது, கல்யாணமும் கிடையாது. பாஸ்டராவது சில நேரம் விட்டுக்கொடுப்பார். சபை மூப்பரான அப்பா ஓர் அங்குலம் அசைய மாட்டார்.

இந்தச் சட்டம் என் அக்காவின் கழுத்தைப் பிடித்தது.

சங்கத்துப் பள்ளிக்குக் கடல் தாண்டி, வடக்குத் தீவின் ட்ரெகேட்டியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நெல் விளைகிற ஊர்க்காரர், அமைதியானவர், மெதடிஸ்டு, அதாவது கைக்குழந்தையிலேயே தெளிப்பு ஞானஸ்நானம் ஆனவர். அக்காவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஞானஸ்நானத்துக்கு உடுத்துகிற வெள்ளை அங்கிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிற பொறுப்பு அவளுடையது. வாத்தியார் மாலையில் எங்கள் வேலியோரமாக நடந்து போகிற நாட்களில் அக்கா இஸ்திரி போட்ட அங்கிகளையே மறுபடி இஸ்திரி போட்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் ஊருக்கே தெரியும். வாத்தியார் முறையாகக் கடைக்கார பாய் மூலம் பெண் கேட்டு அனுப்பினார். அப்பாவுக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது.

"தங்கமான பிள்ளை. முழுகிட்டு வந்து தாலி கட்டட்டும்" என்றார்.

வாத்தியாரின் தகப்பனார் காலமாகிவிட்டார், தாயார் மட்டும்தான். அந்த அம்மா கப்பலேறி சுவாவுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில், ஒரு மூட்டை ட்ரெகேட்டி அரிசியோடு எங்கள் வீட்டுக்கு வந்திறங்கப் போவதாகக் கடிதம் வந்தது. கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: "மறு ஞானஸ்நானம் என்ற பேச்சு இல்லையென்றால் பெண்ணைப் பார்த்துப் பூ வைப்பேன். உண்டென்றால் என் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவேன்." தாயை மீறி எதுவும் செய்ய மாட்டேன் என்று வாத்தியாரும் சொல்லிவிட்டார். அக்கா அங்கிகளை எடுத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் வரலாறு எழுதுவதற்காகச் சபையின் தகரப் பெட்டியைத் திறந்தேன். முதல் பாஸ்டர் எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. முதல் நாள் முழுகியவர்கள் பத்தொன்பது பேரின் பெயர்களும் வரிசையாக இருந்தன. மனிதர் ரசனைக்காரர் போல. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிப்பு எழுதியிருந்தார். ஒருவர் 'இருமினார்', ஒருவர் 'மிகவும் பயந்தார்', அப்போது புதுப்பெண்ணாக இருந்த என் அம்மா 'சிரித்துக்கொண்டே எழுந்தாள்'. அப்பாவின் பெயரைத் தேடினேன். பத்தொன்பதில் இல்லை. விரல் வைத்து மறுபடி பார்த்தேன். கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே தனியாக இருந்தது: 'ஆழத்தில் நின்று உதவினவர்.'

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், இருபத்தைந்து வருஷத்துப் பக்கங்களையும் புரட்டினேன். எங்கேயும் இல்லை. என் அப்பா முழுகவே இல்லை!

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"யாருக்கும் சொல்லாதே. அவரைத் தலை குனிய வெச்சிட்டு எனக்கு இன்னா கல்யாணம் வேண்டிக்கினு இருக்கு?"

சத்தியம் செய்து கொடுத்தேன். நாலு நாள் காப்பாற்றினேன். என் குணத்துக்கு அதுவே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாத்தியாரும் தாயாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். டீயும் அவித்த மரவள்ளியும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தன. அந்த அம்மா சண்டைக்காரி இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"அண்ணே, இவனுக்கு நாப்பதாம் நாள் ஞானஸ்நானம் ஆச்சு. செத்துப்போன மனுஷன் கையில ஏந்திக்கினு நின்னு வாங்கின ஞானஸ்நானம் அது. மறுபடியும் முங்குன்னா, அவர் செஞ்சது செல்லாதுன்னுதானே அர்த்தம்?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை.

"உங்க மனசு புரியுதும்மா. ஆனா சட்டம் சட்டந்தான். முழுகாதவனுக்கு இந்தச் சபையில பந்தியும் இல்ல, கல்யாணமும் இல்ல."

"அப்டீன்னா உங்களுக்கும் இல்ல, நைனா!" என்றேன்.

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். வெளியே போன வார்த்தையைக் கிள்ளி உள்ளே இழுக்க முடியுமா? அப்பா என்னை முறைத்தார். நான் போய் நோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு பெயராக விரல் இறங்கியது. கோட்டுக்குக் கீழே வந்து நின்றது.

"அன்னிக்குக் காலையில இருந்து நான் தண்ணிலதானே இருந்தேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "உள்ள போய் எழுந்தேனே. எனக்கு நல்லா நெனவிருக்கே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "த பாருங்க, ஒரு குண்டம்மா வழுக்கி உங்க கழுத்தைப் பிடிச்சு இஸ்துக்கினு முங்கினாங்களே, அதைச் சொல்றீங்களா? அப்போ பாஸ்டர் கரையேறிட்டாருங்க. அவர் ஒண்ணும் உங்களை முழுக்கல. சொட்டச் சொட்ட வந்து நின்னீங்க. எல்லாரும் ஆச்சுன்னு நெனச்சிக்கினோம்."

வாத்தியாரின் தாயார் எச்சரிக்கையாகக் கேட்டார். "தண்ணில நின்னா போதுமா அண்ணே? தெளிச்சா போதாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா எழுந்து பின்பக்கம் டாலோக் கிழங்குப் பாத்திக்குப் போய்விட்டார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு திருவிருந்து நாள். எப்போதும் முன் வரிசையில் இருந்து அப்பத்தட்டை எடுத்துக் கொடுக்கிற அப்பா, அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டு அவரிடம் வந்தது. எடுக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசினால் திட்டியிருப்பாள், அதுவே தேவலை என்றிருந்தது.

பாஸ்டர் வந்ததும் அப்பா அவரிடம், "என்னை முழுக்குங்க" என்று மட்டும் கேட்டார். அடுத்த சனிக்கிழமை காலை, தண்ணீர் நிற்கிற நேரம் என்று முடிவாயிற்று. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, ஆழக்காரரே முழுகப் போனால் ஆழத்தில் யார் நிற்பது? சபையில் அந்தப் பள்ளம் தெரிந்த ஆள் வேறு கிடையாது. கப்பலுக்காகக் காத்துக்கொண்டு தாயாரோடு கடைக்கார பாய் வீட்டில் தங்கியிருந்த வாத்தியார் வந்தார்.

"எங்க ஊர் ஆறும் ஆழந்தான் மாமா. எனக்குக் கால் தெரியும். நான் நிக்கிறேன்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூங்கிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை நல்ல வெயில். வேடிக்கை பார்க்க மெதடிஸ்டு, கத்தோலிக்கர், இந்துக் கோயில் கமிட்டிக்காரர்கள், கடையைப் பூட்டிவிட்டு பாய் எல்லோரும் வந்து கரையே நிறைந்துவிட்டது. வாத்தியார் சட்டையோடு இறங்கி, காலால் தடவித் தடவிப் போய், சரியாக விளிம்பில் நின்றார். அப்பா, அக்கா இஸ்திரி போட்ட அங்கியில், சின்னப் பிள்ளை மாதிரி பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே போனார், எழுந்தார். கரையில் இருந்தவர்கள் கூவிய கூவலில் மறுகரையில் மாடு மிரண்டு ஓடியது.

அப்பா முகத்தை வழித்துக்கொண்டார். கரை பக்கம் வரவில்லை. திரும்பி, கழுத்தளவுத் தண்ணீரில் மூங்கிலோடு நிற்கிற வாத்தியாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"சபையாரே, நான் ஆழத்துல நின்னேன். அதையே முழுக்குன்னு நெனச்சு இத்தினி வருஷம் எனக்குப் பந்தி குடுத்தீங்க, என்னை மூப்பராக்கினீங்க. கடவுளும் அதுக்காக என்னைத் தள்ளல. இதோ இந்தப் பிள்ளை எனக்காக நிக்கிறான். அவங்க நைனா குடுத்த ஞானஸ்நானம் அவனுக்கு இருக்குது. அது போதும்னு நான் சொல்றேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

எங்கள் சபையில் பாஸ்டர் தனியாக எதையும் தீர்மானிக்க முடியாது. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே, "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

முதல் கை அம்மாவுடையது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அப்புறம் கரை முழுக்கக் கைகள். அக்காவால் தூக்க முடியவில்லை, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பாஸ்டர் எண்ணத் தொடங்கினார். அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற வாத்தியாரின் தாயார் ஒரு கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டு இன்னொரு கையை உயரத் தூக்கியிருந்தார். மெதடிஸ்டுக்கு எங்கள் சபையில் ஓட்டு கிடையாது. பாஸ்டர் அந்தக் கையையும் சேர்த்தே எண்ணினார்.