ஒரு ஜோடிக்கு மட்டும்

ஓய்வுக்கு முன் கூடுதல் மருத்துவக் காப்பீடு எடுக்கலாமென்று புதுக்கோட்டையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் டிரைவர். அவரும் ஓய்வுபெறப் போகிறவர்தான். வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

இதய நோயாளியான அவர் மனைவியைச் சேர்க்க முடியாதென்று சொல்லிவிட்டார்கள். மகன் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

“மகன் கம்பெனி இன்சூரன்ஸ்ல பெத்தவங்களைச் சேர்க்கலாமே?” என்றேன்.

“சேர்க்கலாங்க. அப்பா அம்மா, இல்லாட்டி மாமனார் மாமியார், ஒரு ஜோடிதான். அவன் மாமனார் மாமியாரைச் சேர்த்துட்டான்.”

“நீங்க கேக்கலையா?”

“கேட்டேன். ‘உங்களுக்குத்தான் பென்ஷன் வருமேப்பா’ன்னான்.”

அப்போது மகனே போனில் அழைத்தான்.

“உங்கம்மாவையும் இங்கயே பாலிசியில சேர்த்தாச்சுப்பா. சம்பந்திக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். மகன் நிம்மதியாக இருக்கட்டும் என்று அப்படிச் சொன்னாரா, இனி அவனிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாரா, எனக்கு இன்றும் விளங்கவில்லை.